படங்கள்: உரிமம் சரி

அவளிடம் வண்டி பழகியவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ரெண்டாம் பிரேக். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, அவளுக்குத் தெரியாமலும் இல்லை. சொன்னால் நடுச்சாலையில் இறக்கிவிட்டுப் போய்விடுவாள் என்ற பயம். பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வேலைக்கு வந்த நாளிலிருந்து அவளுடைய கால் அதன்மேல்தான் குடியிருக்கிறது. பேருந்தில் உட்கார்ந்தாலும் அந்தக் கால் தரையை அழுத்தும். பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும்போதும் அழுத்தும். கட்டியவன், "என்னையும் சேத்து மிதிச்சு மிதிச்சுத்தானே நிறுத்தறே" என்று சொல்லிவிட்டு ஒருநாள் பெட்டியோடு கிளம்பினான். அவனை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

கோபம் அவளோடு கூடப் பிறந்தது. வீட்டுப் பங்கு முழுவதையும் அவளே எடுத்துக்கொண்டதாலோ என்னவோ, அவளுக்குப் பின்னால் பிறந்த தம்பிக்கு அதில் ஒரு சிட்டிகைகூட மிச்சமில்லை. யாராவது அவன் காலை மிதித்துவிட்டால் அவன்தான் மன்னிப்புக் கேட்பான். நீச்சல் குளங்களைப் பராமரிப்பது அவன் தொழில். தண்ணீரில் மருந்தின் அளவு சரியாக இருக்கிறதா என்று சோதிப்பான், வடிகட்டியைக் கழுவுவான், நீளக் கழியின் முனையில் கட்டிய வலையால் இலையையும் பூச்சியையும் அள்ளுவான். எல்லாம் தெரியும். நீந்த மட்டும் தெரியாது.

அவன் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலிருந்து ஒருநாள் பகலிலேயே வீட்டுக்கு வந்தான். சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் கனத்தது.

"என்னடா, அப்படியே திருப்பிக் கொண்டாந்திருக்கே? என் சமையல் அவ்ளோ மோசமாயிடுச்சா?"

"கொஞ்ச நாள் வீட்ல இருக்கச் சொல்லிட்டாங்கக்கா."

"யாரு?"

"பிரின்சிபால் மேடம்."

"ஏன்? குளத்துல பாசியா?"

அவன் கைபேசியை நீட்டினான். அதில் ஒரு பெயர், அதன்கீழ் ஒரு முகம். பெயர், நாடே காறித் துப்பிய ஒரு நீச்சல் பயிற்சியாளருடையது. சத்து ஊசி என்று சொல்லிப் பிள்ளைகளுக்குத் தடை செய்யப்பட்ட மருந்தைப் போட்டுப் பதக்கம் வாங்கவைத்தவன், ஒரு பெண்பிள்ளையின் சிறுநீரகம் பழுதானபின் மாட்டிக்கொண்டு சிறைக்குப் போனவன், வெளியே வந்து எங்கேயோ இருப்பவன். முகம் அவளுடைய தம்பியுடையது.

அவள் கால் தரையை அழுத்தியது.

நடந்தது இதுதான். அந்தப் பழைய வழக்கைப் பற்றி எங்கோ மறுபடி பேச்சு வந்திருக்கிறது. பள்ளிப் பெற்றோர் ஒருவர் பெயரைத் தேடிப் பார்த்திருக்கிறார். இணையத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதும் கலைக்களஞ்சியத்தில் அந்தப் பயிற்சியாளருக்கு ஒரு வாழ்க்கை வரலாற்றுப் பக்கம் இருக்கிறது. பக்கத்தின் உச்சியில் தம்பியின் படம். "இவன் நம்ம ஸ்கூல் குளத்துல நிக்கறவனாச்சே!" என்று அவர் மற்றவர்களுக்கு அனுப்ப, காலைக்குள் பள்ளி வாசலில் கூட்டம்.

பிரின்சிபாலின் அறைக்கு அவள் பயிற்சி வண்டியிலேயே போனாள். கூரைமேல் பலகையோடு வண்டியைத் தலைவாசலை அடைத்து நிறுத்தினாள்.

"எனக்குத் தெரியும்மா, உங்க தம்பி அவரில்லைன்னு. தங்கமான மனுஷன். ஆனா பெத்தவங்ககிட்ட என்ன சொல்றது?"

"அவனோட அடையாள அட்டையைக் காட்டுங்க. பேரே வேறயாச்சே."

"காட்டினேன். பேரை மாத்திக்கலாம், முகத்தை மாத்த முடியுமான்னு கேக்கறாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தேடினா இவர் முகம்தான் வருது. அந்தப் படம் அங்கேருந்து போகட்டும், மறுநாளே வரச் சொல்றேன்."

வீட்டுக்கு வந்தபோது தம்பி கண்ணாடி முன்னால் நின்று தாடையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"தாடி விட்டா அடையாளம் தெரியாதில்லக்கா?"

"நீ எதுக்குடா தாடி வளக்கணும்? அந்த நாசமாப் போனவன் வளக்கட்டும்!"

அவன் அதற்கும் மன்னிப்புக் கேட்டான்.

அந்தப் பக்கத்தை அவள் உட்கார்ந்து படித்தாள். நீளமான பக்கம், நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. பிறப்பு, பயிற்சி, பதக்கங்கள், வழக்கு, தீர்ப்பு. ஒவ்வொரு வரிக்கும் கீழே எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்பு. பக்கத்தின் தலையில் ஓர் அறிவிப்பு: கட்டுரை தர மதிப்பாய்வில் உள்ளது. மதிப்பாய்வில் தேறினால் பக்கத்தின் மூலையில் ஒரு நட்சத்திரம் கிடைக்குமாம். எழுதியவர் தன்னைத் தெளிநீர் என்று அழைத்துக்கொண்டார். மதிப்பாய்வு செய்பவர் எறும்பு. அந்த உலகத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது போலிருக்கிறது.

எறும்பின் மதிப்பாய்வைப் படித்தபோது முதலில் அவளுக்கு மரியாதைதான் வந்தது. வண்டி பழகுபவர்களை அவளும் அப்படித்தான் சோதிப்பாள். எறும்பு ஒரு காற்புள்ளியைக்கூட விடவில்லை. "இரண்டாம் பத்தியில் 'மாபெரும்' என்ற சொல் நடுநிலையாக இல்லை." "இளமைக்காலத்தில் அவர் அதிகாலையில் ஆற்றங்கரையில் தனியே அழுதார் என்பதற்கு ஆதாரம் என்ன? இல்லையேல் நீக்கவும்." தெளிநீர் நன்றி சொல்லி நீக்கியிருந்தார். இப்படிக் கீழே போய்க்கொண்டே இருந்து கடைசியில் ஒரு வரி:

படங்கள்: உரிமம் சரி.

அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று படம் எடுத்தவர் அனுமதி கொடுத்திருக்கிறாரா என்று எறும்பு பார்த்திருக்கிறது. கொடுத்திருக்கிறார். சரி. படத்தில் இருப்பது யார் என்று பார்க்கவில்லை. அழுததற்கு ஆதாரம் கேட்டவருக்கு முகத்துக்கு ஆதாரம் கேட்கத் தோன்றவில்லை.

"கண்ணாடியில பாத்தியா, பெல்ட் போட்டியா, எல்லாம் கேட்டுட்டு, எந்த ஊருக்குடா போறேன்னு கேக்கலையே பாவி" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள்.

பக்கத்தின் பேச்சுப் பகுதியில் யாரும் எழுதலாம் என்று இருந்தது. எழுதினாள். இருப்பது என் தம்பி முகம், உடனே எடுங்கள் என்று தொடங்கி, பயிற்சிப் பள்ளியின் பெயரையும் தன் எண்ணையும் கீழே போட்டாள். ஒளிந்துகொண்டு பேசுவது அவளுக்குத் தெரியாது.

எறும்பு மிகவும் கண்ணியமாகப் பதில் எழுதியது. "தங்கள் கருத்துக்கு நன்றி. தங்கள் கூற்றை உறுதிப்படுத்தும் வெளியிடப்பட்ட ஆதாரம் ஏதேனும் உள்ளதா?"

"என் தம்பி என் தம்பிதான்னு எந்தப் பேப்பர்ல போடுவாங்க?" என்று எழுதினாள்.

தெளிநீர் குறுக்கே வந்தார். "இப்படம் பல ஆண்டுகளாக இங்கு உள்ளது. இதுவரை யாரும் மறுக்கவில்லை. செய்தித் தளங்களும் இதே படத்தை வெளியிட்டுள்ளன." கீழே அந்தத் தளங்களின் இணைப்புகள்.

அவள் ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஆமாம், தம்பியேதான். ஒவ்வொரு படத்தின் அடியிலும் பொடி எழுத்தில், படம்: இணையக் கலைக்களஞ்சியம். வழக்கு நடந்த காலத்துச் செய்திகளில் இருந்ததோ முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நீதிமன்றப் படியில் இறங்கும் ஓர் உருவம். ஆக, முகம் தேவைப்பட்ட செய்திக்காரர்கள் இங்கிருந்து எடுத்திருக்கிறார்கள். இப்போது இவர்கள் அந்தச் செய்திகளைக் காட்டி, பார், பேப்பரிலேயே வந்திருக்கிறது என்கிறார்கள்.

"எங்கிட்டயிருந்து நீ வாங்கினே, உங்கிட்டயிருந்து நான் வாங்கினேன், அப்ப எந்த நாய்டா முதல்ல சமைச்சது?" என்று எழுதிவிட்டு, நாயை மட்டும் அழித்துவிட்டு அனுப்பினாள்.

படம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்க்கும் வழியும் அங்கேயே இருந்தது. ஒரு குழுப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது. முழுப் படத்தைத் திறந்தாள். பழைய நீச்சல் மையம். தம்பி அங்கே வேலை பார்த்த காலம். படமெடுத்தவர் குளத்தருகில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறார். தம்பி ரப்பர் பூட்ஸோடு, இலை அள்ளும் வலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கூச்சத்தோடு நடுவில் நிற்கிறான். அவன் காலடியில், பிள்ளைகளுக்கு நடுவே, கழுத்தில் விசிலோடு மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறான் பயிற்சியாளன். எவரோ ஒரு புண்ணியவான், தலைவர் என்றால் நடுவில்தான் நிற்பார் என்று நினைத்து, நடுவில் நின்றவனை வெட்டி எடுத்துவிட்டார். வெட்டியதில் வலை போய்விட்டது, கழி மட்டும் தோளில் மிச்சம். அதற்குப் படத்தின் அடியில் விளக்கம் வேறு: "மூழ்குவோரை மீட்கும் கோலுடன், பயிற்சியின்போது."

அவள் சிரித்தேவிட்டாள். கோபத்தில் வரும் சிரிப்பு. தம்பி எட்டிப் பார்த்தான்.

"இதுல நான் நல்லாத்தான் இருக்கேன், இல்லக்கா?"

"போடா அந்தப் பக்கம்."

முழுப் படத்தைக் காட்டி எழுதினாள். ரப்பர் பூட்ஸைப் பாருங்கள், வலையைப் பாருங்கள், கீழே விசில் யார் கழுத்தில் தொங்குகிறது என்று பாருங்கள். அந்த வலைக்காரனுக்கு நீந்தவே தெரியாது.

எறும்பு எழுதியது: "படத்தைப் பார்த்துத் தாங்களே முடிவுக்கு வருவது சொந்த ஆய்வு ஆகும். சொந்த ஆய்வு இங்கு ஏற்கப்படுவதில்லை. மேலும், தாங்கள் தொடர்புடையவரின் உறவினர் என்பதால் தங்கள் நடுநிலை கேள்விக்குரியது. தவறாக எண்ண வேண்டாம்."

தவறாகத்தான் எண்ணினாள். அன்று வண்டி பழக வந்தவர்கள் பாவம். பின்னால் பார்க்காமல் வண்டியைத் திருப்பிய ஒரு வங்கி ஊழியரைப் பார்த்து, "உங்களுக்கு வெளியிடப்பட்ட ஆதாரம் இருந்தாத்தான் லாரி வர்றது தெரியுமா?" என்று கேட்டாள். அவர் விழித்தார்.

மறுவாரம் ஒரு பெண் குரல் தொலைபேசியில் வந்தது. "மேடம், உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்."

"பேசறதுன்னா வண்டியில ஏறு. நான் சும்மா உக்காந்து பேசறதில்ல."

வந்தவளுக்கு முப்பதைத் தாண்டிய வயது. உரிமம் எடுத்து வைத்திருக்கிறாள், ஓட்டி வருஷங்களாகிவிட்டன என்றாள். ஸ்டியரிங்கை உயிரைப் பிடிப்பதுபோலப் பிடித்தாள். இரண்டு தெரு தாண்டினார்கள்.

"சிக்னல் போடு. என்ன பேசணும்?"

"நான்தான் தெளிநீர்."

கால் தானாக அழுத்தியது. வண்டி நடுத்தெருவில் குலுங்கி நின்றது. பின்னால் வந்தவன் ஹாரனை விடாமல் அழுத்தினான்.

"ஓரங்கட்டு" என்றாள்.

வந்தவள் ஓரங்கட்டினாள். 

"அவர் எனக்கு அப்பா."

அவள் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தாள்.

"அப்ப உனக்குத் தெரியும். அது உங்கப்பா இல்லைன்னு."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"போட்ட அன்னிலேர்ந்து. சத்தியமா நான் போடலை. வேற யாரோ தப்பா வெட்டிப் போட்டாங்க. பாத்ததும் மாத்தணும்னுதான் போனேன். அப்புறம்..." மூக்கை உறிஞ்சினாள். "அப்புறம் நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன். எம்பொண்ணை அவர்தான் ஸ்கூல்ல கொண்டு விடறார். அங்க யாருக்கும் அவரைத் தெரியலை. 'தாத்தா தாத்தா'ன்னு மத்த பசங்களும் ஒட்டிக்குது. அந்தப் படம் அங்க இருக்கற வரைக்கும் எங்களுக்கு நிம்மதி."

"உங்கப்பன் ஸ்கூல் வாசல்ல நிக்கறான். எந்தம்பி நிக்க முடியலை."

"உங்க தம்பின்னு எனக்கு எப்படித் தெரியும்? யாரோ ஒருத்தர்னு நினைச்சேன் மேடம். எங்கயோ இருக்கற யாரோ ஒருத்தர்."

"யாரோ ஒருத்தன்னா அவனுக்கு வேலை இருக்காதா? அக்கா இருக்க மாட்டாளா?" குரல் உயர்ந்ததில் நடைபாதையில் போனவர் குனிந்து பார்த்தார். "சரி, நட்சத்திரம் எதுக்கு? அந்தாளுக்குப் பதக்கம் பத்தலையா?"

"நட்சத்திரம் கிடைச்ச பக்கத்துல கண்டவங்க கை வைக்க மாட்டாங்க. அப்படியே நின்னுடும். அதுக்குத்தான்."

பக்கம் ஏன் அவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தது என்று அப்போதுதான் விளங்கியது. ஆற்றங்கரையில் அழுததற்கு ஆதாரம் கேட்டபோது ஏன் வாதாடாமல் நீக்கினாள் என்பதும் விளங்கியது. ஆதாரம் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தது.

"எடுத்துடறேன் மேடம். இன்னிக்கே எடுத்துடறேன். ஒண்ணு மட்டும். அவர் படத்தைப் போட்டுடாதீங்க. எம்பொண்ணுக்காக."

அவள் சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இறங்கு."

"இங்கயா?"

"இங்கதான்."

படம் அன்றே போனது. எறும்பு பேச்சுப் பகுதியில் எழுதியது: "முதன்மைப் பங்களிப்பாளர் ஐயம் தெரிவித்துள்ளதால் படம் நீக்கப்பட்டது. அவருடைய நேர்மை பாராட்டத்தக்கது." அதைப் படித்த அன்று அவள் கதவைச் சாத்திய வேகத்தில் சுவர்க் கடிகாரம் கீழே விழுந்தது. நாள்கணக்கில் தொண்டை கிழியக் கத்தியவள் அவள். நேர்மை தெளிநீருக்கு. தெளிநீர் யார் மகள் என்று ஒரு வரி எழுதினால் போதும், நட்சத்திரமும் பாராட்டும் சேர்ந்து பறந்துவிடும். விரல்வரை வந்தது, எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று அவள்மேல் அவளுக்கே எரிச்சல்.

மறுநாள் தம்பியைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.

"படத்தை எடுத்துட்டாங்களே, பார்த்தேன்" என்றார் பிரின்சிபால். ஆனால் முகத்தில் தெளிவில்லை. "பெத்தவங்க இப்ப வேற மாதிரி பேசறாங்கம்மா. மாட்டிக்கிட்டதும் எடுத்துட்டான்னு சொல்றாங்க."

"யாரு? இவனா? இவனுக்கு போன்ல சத்தத்தைக் குறைக்கவே தெரியாது!"

"நான் நம்பறேன். ஆனா அவங்க கேக்கறது ஒண்ணுதான். இவர் இல்லைன்னா அவர் யாரு? அந்த முகத்தைக் காட்டுங்கன்னு."

திரும்பி வரும் வழியெல்லாம் தம்பி ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தான். பாதித் தாடி முளைத்திருந்தது. யாருடையதோ போன்ற முகம்.

"விடுக்கா. வேற குளம் பாத்துக்கறேன்."

"எந்தக் குளத்துக்குப் போனாலும் இந்த மூஞ்சியைத்தானேடா தூக்கிட்டுப் போகணும்?"

அவள் என்ன நினைக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெளிநீரையும் அவள் மகளையும் பற்றி ஏற்கெனவே அவனிடம் சொல்லியிருந்தாள். கேட்டான். "அந்தப் பாப்பா என்னக்கா பண்ணும்?"

"எங்கிட்டக் கேக்காதே. ஊசி போட்டவனைக் கேளு. படத்தைப் பாத்துட்டு நல்லதாப் போச்சுன்னு இருந்தவளைக் கேளு. நான் யாரு? நான் ரெண்டாம் பிரேக். அவனவன் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவான், கடைசில மிதிக்கறது மட்டும் நானா?" கத்தி முடித்தபோது குரல் உடைந்தது. அது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கொடுத்தது.

தம்பி ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

மாலை வகுப்பு முடிந்ததும் உட்கார்ந்தாள். குழுப் படத்தைத் திறந்தாள். மண்டியிட்டிருந்தவன் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சாதாரண முகம். சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்துப் பிள்ளையின் தோளில் கை. விசில் தெரியும்படி வெட்டினாள். கை தெரியாதபடி வெட்டினாள். அந்தப் பிள்ளை யாரோ, அதற்கும் ஓர் அக்கா இருப்பாள். பக்கத்தின் உச்சியில், தம்பி இருந்த இடத்தில், ஏற்றினாள். வருடத்தையும் இடத்தையும் தவிர வேறெதுவும் எழுதவில்லை. விசிலைப் பற்றி எழுதவில்லை. இவன்தான் என்று எப்படித் தெரியும் என்றும் எழுதவில்லை. கேட்கட்டும், சொல்கிறேன் என்று காத்திருந்தாள். சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தாள். ஆதாரம் எங்கே என்பார்கள், சொந்த ஆய்வு என்பார்கள், நீங்கள் உறவு என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் நாக்கின் நுனியில் இருந்தது.

அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் எறும்பு வந்துவிட்டது.

"புதிய படத்துக்கு நன்றி. படங்கள்: உரிமம் சரி."

அதன்கீழேயே இன்னொரு வரி: மதிப்பாய்வு நிறைவுற்றது, கட்டுரை தேறியது. பக்கத்தின் மூலையில் ஒரு சின்ன நட்சத்திரம் முளைத்தது. தெளிநீரிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை.

இந்த முறை முகம் சரியான முகம். ஆனால் அது எறும்புக்குத் தெரியாது. அவள் பிரின்சிபாலின் படத்தை வெட்டி ஏற்றியிருந்தாலும் இதே வரிதான் வந்திருக்கும்.

அவள் விசைப்பலகையைக் குத்துவதுபோலத் தட்டினாள். "யார் முகம்னு கேக்கவே மாட்டீங்களா?"

பதில் உடனே வந்தது, வழக்கமான கண்ணியத்தோடு.

"மன்னிக்கவும், தங்கள் கேள்வி புரியவில்லை."

குளியலறையில் தம்பி தாடியை மழித்துக்கொண்டிருந்தான். "அக்கா, பால் பொங்குது" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். அவள் எழுந்திருக்கவில்லை. மேஜைக்கு அடியில் அவள் கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது.